கடற்பஞ்சு செல்லின் சர்க்கரையைப் பார்க்கும் முன் கால்சியம் எங்கே என்று பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். பாலிடெக்னிக் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காகச் சிங்கப்பூரின் தெற்குத் தீவுகள் பக்கத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு வந்த கடற்பஞ்சு ஒன்றைத் துணியில் பிழிந்து செல்களைப் பிரித்திருக்கிறீர்கள். பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவி, பச்சையாக ஒளிரும் கான்-ஏ என்ற லெக்டினை, அதாவது குறிப்பிட்ட சர்க்கரையைத் தேடிப் பிடிக்கும் புரதத்தை, சேர்த்தால் எல்லாச் செல்லும் ஒன்றுபோல் எரிகிறது. பிரித்த செல்கள் மறுபடி ஒட்டும் என்று படித்தீர்கள், ஒட்டவும் இல்லை. எங்கே தவறு, அதோடு எல்லாரும் மரபணு படிக்கிற காலத்தில் செல்லின் மேலிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைப் படிப்பதில் பயன் உண்டா, இதுதான் கேள்வி.

நான் இங்கே பல வருடங்களாக செல் மேற்பரப்புச் சர்க்கரைகளோடுதான் வேலை செய்கிறேன். உங்கள் இரண்டு சிக்கலுக்கும் காரணம் ஒன்றேதான்: கழுவிய கரைசல். அதில் உப்பு போதாது, கால்சியமும் இல்லை. ஆனால் "கரைசலை மாற்றுங்கள்" என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரம் வேறு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள், அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

1907இல் ஹெச். வி. வில்சன் என்ற அமெரிக்க விலங்கியலாளர் மைக்ரோசியோனா புரோலிஃபெரா என்ற சிவப்புக் கடற்பஞ்சை மாவு சலிக்கும் பட்டுத் துணியில் கட்டிக் கடல்நீருக்குள் பிழிந்தார். நம் காப்பிக் கடைகளில் கோப்பித்தூள் போட்டு வடிக்கும் துணிப்பை இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே வேலை. கீழே தனித்தனிச் செல்களாக விழுந்தவை ஊர்ந்து ஒன்றையொன்று பிடித்து, சிறு சிறு கட்டிகளாகி, நாள்கள் போகப் போக மறுபடியும் வாய்க்காலும் துளையும் உள்ள உயிருள்ள பஞ்சாகின. சல்லடையில் தேய்த்து உதிர்த்த ஓர் உயிர் தன்னைத் தானே கட்டிக்கொள்கிறது என்றால் ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லை எப்படி அடையாளம் காண்கிறது? அதிலும் இரண்டு இனப் பஞ்சுகளின் செல்களைக் கலந்தால் பெரும்பாலும் அந்தந்த இனம் தனித்தனியாகப் பிரிந்துகொள்கிறது. முதலில் கலந்து ஒட்டி, பிறகு மெதுவாகப் பிரிவதும் உண்டு, ஆகவே இதைச் சுத்தமான கறுப்பு வெள்ளையாக எழுதிவிடாதீர்கள்.

உங்களுக்கு உண்மையில் பயன்படப்போவது 1963இல் டாம் ஹம்ப்ரீஸ் செய்தது. அவர் பஞ்சைக் கால்சியமும் மக்னீசியமும் இல்லாத செயற்கைக் கடல்நீரில் ஊறவைத்தார். செல்கள் தனித்தனியாகக் கழன்றன. அந்தச் செல்களைக் கழுவி, குளிரில் வைத்து, கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்தும் அவை ஒட்டவில்லை. ஊறவைத்த நீரையும் சேர்த்துக் கொடுத்தபோது ஒட்டின. அதாவது ஒட்டவைக்கும் பொருள் கால்சியம் இல்லாத நீரில் செல்லைவிட்டுக் கழன்று கரைந்து போயிருந்தது. அதற்குத் திரட்டுக் காரணி என்று பெயர் வைத்தார்கள். குளிரில் ஏன் வைத்தார் என்றால், சாதாரண வெப்பநிலையில் விட்டால் செல்கள் அந்தப் பொருளைப் புதிதாகச் செய்துகொள்ளும், சோதனை குழம்பும்.

இப்போது உங்கள் மேசைக்கு வாருங்கள். பிபிஎஸ்ஸில் கால்சியம் கிடையாது. மூன்று முறை கழுவி, மூன்று முறையும் மேலே நின்ற நீரைத் தொட்டியில் ஊற்றினீர்கள். செல் மேற்பரப்புச் சர்க்கரையில் மிகச் சுவையான பகுதி அந்த நீரோடு போய்விட்டது. ஒட்டாததற்குக் காரணம் அதுதான்.

அந்தப் பொருள் என்ன என்று தெரிந்தால் ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறேன் என்று புரியும். மைக்ரோசியோனாவின் திரட்டுக் காரணி ஒரு பிரம்மாண்டமான புரோட்டியோகிளைக்கான், அதாவது புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஏறிய மூலக்கூறு, எடை 2 கோடி டால்டன் அளவில். எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் அணுவிசை நுண்ணோக்கியிலும் பார்த்தால் நடுவில் ஒரு வளையம், அதைச் சுற்றி 20 அளவில் கைகள், குழந்தைகள் வரையும் சூரியன் மாதிரி இருக்கும். அந்தப் புரதச் சட்டத்தின் மேல் இரண்டு வகைச் சர்க்கரைச் சங்கிலிகள். சிறியது ஜி-6, எடை 6 ஆயிரம் டால்டன் அளவு. பெரியது ஜி-200, எடை 2 லட்சம் அளவு. கைகளில் இருக்கும் ஜி-6 செல்லைப் பிடிக்கிறது. வளையத்தில் இருக்கும் ஜி-200, பக்கத்துச் செல்லிலிருந்து நீளும் இன்னொரு ஜி-200ஐப் பிடிக்கிறது, அதுவும் கால்சியம் இருந்தால்தான். கவனியுங்கள், இங்கே புரதம் சர்க்கரையைப் பிடிக்கவில்லை, சர்க்கரையே சர்க்கரையைப் பிடிக்கிறது. உயிரியல் வகுப்பில் சர்க்கரை என்றால் எரிபொருள், இல்லாவிட்டால் செல்சுவர் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது பெரிய செய்தி. நான் முதன்முதலில் படித்தபோது அன்று முழுவதும் அதே நினைப்பாக இருந்தது.

ஒரு சர்க்கரைத் துண்டு இன்னொன்றைப் பிடிக்கும் விசை மிகவும் பலவீனமானது. அப்படியானால் உடல் எப்படி நிற்கிறது? எண்ணிக்கையால். ஒரே ஒரு திரட்டுக் காரணியில் ஜி-6 மட்டுமே ஏறக்குறைய 950 பிரதிகள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வீவக அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் புல்தரையில் நடந்துவிட்டு வந்தால் கால்சட்டை ஓரத்தில் புல்விதை ஒட்டியிருக்குமே, ஒன்றைச் சுண்டினால் விழுந்துவிடும், நூறு ஒட்டினால் உட்கார்ந்து பிடுங்க வேண்டும், அதே கணக்குதான். 1995இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் ஒரு குழு அணுவிசை நுண்ணோக்கியின் ஊசி முனையில் ஒரு காரணி, எதிரே தளத்தில் இன்னொன்று என்று வைத்து இழுத்துப் பார்த்தார்கள். ஒரு ஜோடியைப் பிரிக்க 400 பைக்கோநியூட்டன் வரை தேவைப்பட்டது. நீருக்குள் ஏறக்குறைய 1600 செல்களின் எடையைத் தாங்கப் போதுமான விசை அது. 1997இல் அதே துறையில் இன்னொரு வேலை: செல்லே வேண்டாம் என்று, மிகச்சிறிய நிற மணிகளின் மேல் வெவ்வேறு இனங்களின் காரணிகளைப் பூசிக் கலந்தார்கள். மணிகளும் செல்களைப் போலவே இனம் இனமாகச் சேர்ந்தன.

வேதியியல் பக்கம் எந்தத் துண்டு ஒட்டுகிறது என்பதையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்று, மூன்றாம் இடத்தில் சல்ஃபேட் ஏறிய என்-அசிட்டைல்குளுக்கோசமீன், ஃபியூகோஸோடு சேர்ந்த இரட்டைச் சர்க்கரை. இன்னொன்று, பைருவேட் ஏறிய காலக்டோஸ் முனையில் நிற்கும் மூன்று சர்க்கரைத் தொடர். 2001இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் குழு அந்த இரட்டைச் சர்க்கரையை மட்டும் செயற்கையாகச் செய்து, ஒரு புரதத்தின் மேல் பல பிரதிகளாக ஏற்றிக் காட்டியது: கால்சியம் இருந்தால் அது தன்னையே அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறது, சல்ஃபேட்டை எடுத்துவிட்டால் பிடிப்பதில்லை. எதிர்மின்னூட்டம் உள்ள இரண்டு சங்கிலிகள் நியாயமாக ஒன்றையொன்று தள்ள வேண்டும். நடுவில் கால்சியம் வந்து நிற்பதால் நெருங்க முடிகிறது.

கடல்நீரில் கால்சியம் ஏறத்தாழ 10 மில்லிமோலார். பஞ்சு வாழும் நீரிலேயே அந்தப் பசைக்கு வேண்டியது கரைந்திருக்கிறது. இந்தத் துறையில் எந்தச் செய்முறையைக் கையில் எடுத்தாலும் முதல் கேள்வி, இந்தக் குழாயில் இப்போது கால்சியம் எவ்வளவு என்பதுதான். நான் புதிதாக வரும் மாணவர்களைக் குறிப்பேட்டில் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் கால்சியம் அளவை எழுதச் சொல்கிறேன்.

சரி, பச்சை வெளிச்சம்.

பிபிஎஸ் மனித இரத்தத்துக்குச் சமமான உப்பு உள்ள கரைசல், லிட்டருக்கு 8 கிராம் சோடியம் குளோரைடு. கடல்நீரில் மொத்த உப்பு 35 கிராம் வரை வரும். கடலில் வாழ்ந்த செல்லை நான்கில் ஒரு பங்கு உப்பில் போட்டால் நீர் உள்ளே பாய்ந்து சவ்வு கிழியும். போதாததற்குப் பஞ்சின் சிலிக்கா முட்கள் பிழியும்போதே செல்களைக் குத்தியிருக்கும். சவ்வு கிழிந்த செல்லுக்குள் கான்-ஏ நுழைந்தால் அங்கே அதற்கு விருந்து. செல்லுக்குள் புரதம் தயாராகும் இடத்தில் மேனோஸ் நிறைந்த சங்கிலிகள் குவிந்திருக்கும், கான்-ஏ பிடிப்பது மேனோஸைத்தான். ஆக நீங்கள் பார்த்த பச்சை பெரும்பாலும் செல்லின் உள்பக்கம், மேற்பரப்பு இல்லை. செத்த செல்லும் உயிருள்ள செல்லும் ஒன்றுபோல் எரிந்தது என்று எழுதியிருந்தீர்கள், எல்லாமே கிழிந்திருந்தால் அப்படித்தான் தெரியும்.

எனக்கும் இந்தப் பாஸ்பேட் கரைசலால் சில வாரங்கள் போயிருக்கின்றன. ஆரம்ப காலத்தில் பாஸ்பேட் கரைசலில் இருந்த செல்களுக்குக் கால்சியம் சேர்த்தேன், ஐந்தே நிமிடத்தில் கட்டி கட்டியாகத் திரண்டது, அருமையான முடிவு என்று படமெல்லாம் எடுத்து வைத்தேன். அப்புறம் செல்லே இல்லாத வெறும் கரைசலில் செய்து பார்த்தபோது அதிலும் அதே கட்டிகள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிவு அது. அதனால் இந்த வேலைக்குப் பாஸ்பேட்டே வேண்டாம், பிஹெச் மாறாமல் காக்க டிரிஸ் அல்லது ஹெப்பீஸ் பயன்படுத்துங்கள், செல் இல்லாத குழாய் ஒன்றை எப்போதும் பக்கத்தில் வையுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இப்படி. லிட்டருக்கு 27 கிராம் சோடியம் குளோரைடு, 0.8 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 1 கிராம் சோடியம் சல்ஃபேட், கொஞ்சம் டிரிஸ், பிஹெச் 8. இதுதான் உங்கள் கால்சியம் இல்லாத கடல்நீர். நம் கடலில் பருவமழைக்கு உப்பு ஏறி இறங்கும், அதனால் பஞ்சு எடுத்த அன்றைய நீரை உப்புமானியில் பார்த்து அதற்கேற்பச் சரிசெய்யுங்கள். பஞ்சைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பனிக்கட்டி மேல் இந்த நீரில் ஊறவைத்து மெல்ல அசைத்தால் போதும், முறுக்கிப் பிழிய வேண்டாம். முட்கள் கனமானவை, சில நிமிடம் நிறுத்தி வைத்தால் அடியில் இறங்கும். மேலே நிற்பதை 40 மைக்ரான் வலையில் வடிகட்டி, 300 ஜி அளவு மெதுவான வேகத்தில் சுழற்றினால் செல்கள் இறங்கும், பாக்டீரியா பெரும்பாலும் மேலேயே நிற்கும். அந்த மேல்நீரை ஊற்றிவிடாதீர்கள்! முதல் கழுவலின் மேல்நீரை இன்னொரு முறை வேகமாகச் சுழற்றித் தெளியவைத்து, கொஞ்சம் கால்சியம் சேர்த்து, குளிரில் வையுங்கள். உங்கள் திரட்டுக் காரணி அதில்தான் இருக்கிறது. இதே காரணத்துக்காகச் செல் பிரிக்கும்போது, கால்சியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்க்காதீர்கள். அது செல்களை வேகமாகப் பிரிக்கும், உண்மை, ஆனால் மைக்ரோசியோனாவின் காரணியில் அது வளையத்தையும் கைகளையும் பிணைக்கும் கால்சியத்தையும் உருவிவிடும், காரணி கலைந்துபோகும்.

லெக்டினிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். கான்-ஏ வேலை செய்யக் கால்சியமும் மாங்கனீசும் தேவை. கால்சியம் கொடுத்தால் காரணி மிச்சமிருக்கும் செல்கள் திரளும். கான்-ஏவே கூட நான்கு கைகள் உள்ள மூலக்கூறு, அதுவும் செல்களைச் சேர்த்துக் கட்டும். நீங்கள் பார்க்கும் கட்டி எதனால் என்று அப்புறம் சொல்ல முடியாது. எனவே வரிசையை மாற்றுங்கள்: கால்சியம் இல்லாத நீரில் நன்றாகக் கழுவி, டிரிஸுக்குப் பதில் ஹெப்பீஸ் போட்ட அதே நீரில் (டிரிஸ் ஃபார்மால்டிஹைடோடு வினைபுரியும்) ஃபார்மால்டிஹைடு கொண்டு செல்களை நிலைநிறுத்தி, மீதியைக் கழுவிவிட்டு, பிறகு கால்சியம் உள்ள டிரிஸ் கரைசலில் லெக்டினைச் சேருங்கள். நிலைநிறுத்தும் முன் கொஞ்சம் செல்களை எடுத்து, கிழிந்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரைப்பான் புளூ சாயம் போட்டு எத்தனை கிழிந்திருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒன்றுக்கு மேல் நீலமானால் அந்தத் தொகுதியை நான் பயன்படுத்த மாட்டேன்.

கட்டுப்பாட்டுக் குழாய்கள் இரண்டு கட்டாயம். லெக்டினே போடாத செல்கள் ஒன்று, ஏனென்றால் பல வெப்பமண்டலப் பஞ்சுகளில் நீலப்பச்சைப் பாசி குடியிருக்கும், அது தானாகவே ஆரஞ்சும் சிவப்புமாக ஒளிரும். இன்னொன்றில் லெக்டினோடு, கான்-ஏ பிடிக்கும் சர்க்கரையான மெத்தில் மேனோசைடை நிறையச் சேருங்கள், அப்போதும் பச்சை குறையாவிட்டால் அந்தப் பச்சை சர்க்கரையால் வந்ததில்லை. கான்-ஏ ஒன்றோடு நிறுத்தவும் வேண்டாம். கோதுமை முளையிலிருந்து எடுக்கும் லெக்டின் என்-அசிட்டைல்குளுக்கோசமீனைப் பார்க்கும், ஃபியூகோஸைப் பார்க்கும் லெக்டின்களும் கடையில் கிடைக்கும். ஆனால் இவை எதுவும் சல்ஃபேட்டைச் சொல்லாது, பஞ்சின் கதையோ சல்ஃபேட்டில்தான் இருக்கிறது. அதற்கு ஆல்சியன் புளூ என்ற மலிவான பழைய சாயம் இருக்கிறது. பிஹெச் 2.5இல் அமிலச் சர்க்கரை எல்லாவற்றையும் பிடிக்கும், பிஹெச் 1இல் சல்ஃபேட் ஏறியதை மட்டும் பிடிக்கும். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் ஒரு மதியத்தில் இதைச் செய்து முடிக்கலாம், ஆய்வறிக்கையில் இதைவிடத் தெளிவான படம் வேறு கிடைக்காது என்பது என் கருத்து.

எந்தப் பஞ்சு என்பது முக்கியம். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது பெரிய பீப்பாய்ப் பஞ்சு, செஸ்டோஸ்பாஞ்சியா டெஸ்டுடினாரியா மாதிரி தெரிகிறது. அழகானதுதான், ஆனால் அதன் உடல் முழுக்கப் பாக்டீரியா. இப்படிப்பட்ட இனங்கள் சிலவற்றில் உடல் எடையில் 40 சதவீதம் வரை நுண்ணுயிர்கள் இருக்கலாம், ஒவ்வொன்றின் மேலும் அதற்கென்று ஒரு சர்க்கரை உறை. யாருடைய சர்க்கரையைப் பார்க்கிறோம் என்பதே தெரியாமல் போகும். கிளாத்ரியா அல்லது ஹாலிகுளோனா வகையில் ஒன்றைக் கேளுங்கள், பொதுவாக அவற்றில் நுண்ணுயிர் குறைவு. மைக்ரோசியோனாவுக்கே இப்போதைய பெயர் கிளாத்ரியா புரோலிஃபெரா, ஆகவே நம் கடலில் கிடைக்கும் கிளாத்ரியா அதன் நெருங்கிய உறவு, ஒப்பிட்டுப் பேசவும் இடம் இருக்கும். ஆனால் அந்த வட அமெரிக்கப் பஞ்சில் கண்ட சர்க்கரைதான் இங்கேயும் இருக்கும் என்று எழுதிவிடாதீர்கள், இனத்துக்கு இனம் மாறுவதுதான் இதன் சாரமே.

பஞ்சு எடுப்பதற்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் ஆய்வு அனுமதி வேண்டும், அதை உங்கள் மேற்பார்வையாளர் வழியாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விரல் நுனி அளவு துண்டு போதும், மீதிப் பஞ்சு வளர்ந்துகொள்ளும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1820களில் சிங்கப்பூரிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு உலகுக்கு அறிமுகமான நெப்டியூன் கோப்பைப் பஞ்சு, அருங்காட்சியகத்துக்கும் சேகரிப்பவர்களுக்கும் அள்ளப்பட்டு, அழிந்தே போனது என்று எல்லாரும் நினைத்திருந்தது. 2011இல் செயிண்ட் ஜான்ஸ் தீவுக்கு அருகே முக்குளித்தவர்கள் கண்ணில் அது மறுபடியும் பட்டது. நம் கடலில் கப்பல் போக்குவரத்துக்கும் கலங்கிய நீருக்கும் நடுவே இவை எப்படியோ தாக்குப்பிடிக்கின்றன, நாமும் அளவோடு எடுப்போம்.

உங்கள் நண்பர் சொன்ன பீனால்-சல்ஃபியூரிக் அமிலச் சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழுப் பஞ்சை அரைத்து மொத்தச் சர்க்கரை அளந்தால் ஓர் எண் வரும், அதற்கு அர்த்தம் இருக்காது. பஞ்சின் கொலாஜனிலேயே குளுக்கோஸும் காலக்டோஸும் பிணைந்திருக்கின்றன, பாக்டீரியாவின் சர்க்கரையும் சேரும். செல் மேற்பரப்பு அதில் எங்கே என்று பிரிக்க முடியாது. கழுவிய நீரிலிருந்து கிடைத்த காரணியில் செய்தால் அது வேறு விஷயம்.

அப்புறம், மரபணு இருக்கும்போது சர்க்கரை எதற்கு என்றீர்கள். ஆம்ஃபிமெடான் குயின்ஸ்லாண்டிகா என்ற ஆஸ்திரேலியப் பஞ்சின் மரபணுத் தொகுதி 2010இலேயே வந்துவிட்டது. காரணியின் புரதச் சட்டத்துக்கான மரபணுக்களும் தெரியும். ஆனால் சர்க்கரைச் சங்கிலிக்கு அச்சு எந்த மரபணுவிலும் இல்லை. பல நொதிகள் அடுத்தடுத்து கைவைத்துக் கட்டுவது அது, எந்த இடத்தில் சல்ஃபேட் ஏறும் என்பதை வரிசையைப் படித்து மட்டும் சொல்ல முடியாது, செல்லில் போய்த்தான் பார்க்க வேண்டும். உங்கள் இரத்த வகையை நினைத்துப் பாருங்கள். ஏ வகைக்கும் பி வகைக்கும் உள்ள வித்தியாசம் சங்கிலி முனையில் நிற்கும் ஒரே ஒரு சர்க்கரை, அது தவறினால் இரத்தம் ஏற்றும்போது உயிர் போகும். சர்க்கரை சர்க்கரையைப் பிடிப்பதும் பஞ்சோடு முடியவில்லை, எலிக் கருவின் ஆரம்ப நாள்களில் செல்கள் நெருங்கி இறுகுவதில் லூயிஸ்-எக்ஸ் என்ற சர்க்கரைக்கு இதே மாதிரி கால்சியத்தோடு சேர்ந்த பங்கு இருப்பதாக 1980களின் முடிவிலேயே காட்டியிருக்கிறார்கள்.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு உங்களுக்கு இருக்கும் நேரம் குறைவு, சங்கிலியின் அமைப்பைக் கண்டறியும் நிறைமாலைமானி, என்எம்ஆர் போன்ற பெரிய கருவிகள் பக்கமெல்லாம் போகாதீர்கள். திரட்டுச் சோதனையை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். கழுவிய செல்கள் மட்டும், செல்களும் 10 மில்லிமோலார் கால்சியமும், செல்களும் காரணியும், செல்கள், காரணி, கால்சியம் மூன்றும். நான்கையும் பனிக்கட்டிக் குளிரில், மெதுவாகச் சுழலும் மேடையில் வைத்து 0, 10, 30, 60 நிமிடத்தில் படம் எடுங்கள். நாலாவது மட்டும் திரண்டால் உங்கள் பஞ்சில் காரணி இருக்கிறது என்று சொல்லலாம். வெப்பமண்டலச் செல்லுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்கிறதா என்பதை முன்கூட்டியே டிரைப்பான் புளூவில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த படியாகக் காரணியைப் பெரியோடேட் கொண்டு இருட்டில், குளிரில் பதப்படுத்துங்கள். அது பக்கத்துப் பக்கத்தில் ஹைட்ராக்சில் உள்ள சர்க்கரை வளையங்களை உடைக்கும். திரளும் தன்மை போய்விட்டால் வேலை செய்தது சர்க்கரை என்பதற்கு ஒரு சான்று. பெரியோடேட்டை முன்பே கிளிசரால் சேர்த்து முடக்கி, அந்தக் கலவையில் இன்னொரு பங்கு காரணியையும் வைத்துப் பார்த்தால்தான் அந்தச் சான்று நிற்கும், தேர்வாளர் கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

பஞ்சிலிருந்து ஒரு சிறு துண்டை எத்தனாலில் போட்டுத் தேதி, இடம், ஆழம் எழுதி வைத்துவிடுங்கள், இனம் எதுவென்று பிறகு முள்ளைப் பார்த்து உறுதிசெய்ய அது வேண்டும். நான்கு குழாய்களின் படங்கள் வந்ததும் இங்கேயே போடுங்கள், செல் இல்லாத குழாயின் படத்தையும் சேர்த்து, பார்த்துச் சொல்கிறேன்.